மங்க மறுத்த விளக்குகள்: படகில் எல்.இ.டி.க்கு டிம்மர் போட்ட பதிவு

படகுக் கேபினில் இருந்த ஹாலோஜன் பல்புகளைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. போட்டதில் பேட்டரிக்கு நல்ல ஓய்வு கிடைத்தது, கேபினில் சூடும் குறைந்தது. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர்தான் படுத்துவிட்டது. குமிழைத் திருகினால் சில விளக்குகள் ஒழுங்காக மங்கின, சில அசையவே இல்லை, கடைசிக் கால் சுற்றில் படபடவென்று மினுக்கின. அணைத்த பிறகும் இரண்டு விளக்குகளில் மங்கலாக ஒளி மிச்சமிருந்தது. என்ஜினைப் போட்டால் ஒரு பகுதி விளக்குகள் மட்டும் பளிச்சென்று ஏறின. ரேடியோவில் இரைச்சல் வேறு.

இப்போது எல்லாம் அடங்கிவிட்டது. வேலை இழுத்ததற்குக் காரணம், இவ்வளவும் ஒரே கோளாறு என்று எடுத்துக்கொண்டு ஒரே பொருளை மாற்றித் தீர்க்கப் பார்த்ததுதான். உள்ளே இருந்தவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நாலைந்து கோளாறுகள். வெளியே எல்லாமே மினுக்கலாகவே தெரிந்தன. பல்புக்குள் என்ன இருக்கிறது, டிம்மர் பிளஸ், மைனஸில் எந்த ஒயரின் கரண்டை விட்டு விட்டு வெட்டுகிறது என்ற இரண்டையும் முதலில் பார்த்திருந்தால் பாதி வேலை மிச்சம்.

என்னிடம் இருந்த அமைப்பு இது. 12 வோல்ட் ஈய அமில பேட்டரி. கூரையில் ஜி4 (இரண்டு ஊசி முனை) ஹோல்டரில் ஆறு விளக்குகள், முன்பு ஒவ்வொன்றும் 10 வாட் ஹாலோஜன், எல்லாம் ஒரே டிம்மரில். அலமாரிக்கு அடியில் புதிதாக ஒட்டிய ஒன்றரை மீட்டர் எல்.இ.டி. பட்டை, அதுவும் அதே லைனில். வரைபட மேசைக்கு மேல் கழுத்து வளையும் வாசிப்பு விளக்கு ஒன்று. அதற்குத் தனியாக, கம்பி சுற்றிய பழைய ரியோஸ்டாட், அதாவது குமிழைத் திருகினால் தடை மாறும் ரெசிஸ்டர். முன்பு கூரை விளக்குகள் மட்டும் 60 வாட், அதாவது 5 ஆம்பியர் இழுத்தன. மாற்றிய பிறகு பட்டையையும் சேர்த்து 1.4 ஆம்பியருக்குள் அடங்கிவிட்டது.

கருவிகள் அதிகமில்லை. ஹெர்ட்ஸ் அளக்கும் வசதியுள்ள மல்டிமீட்டர், ஒயர் முனையை நசுக்கி இணைக்கும் ராட்செட் வைத்த கிரிம்ப் கருவி, முதலை கிளிப் ஒயர்கள், 7 ஆம்பியர்-மணி சிறு பேட்டரி, 1 ஆம்பியர் ஃபியூஸ், செல்போன் கேமரா. அப்புறம், கழற்றிய பழைய ஹாலோஜன் பல்பு ஒன்று.

வாசிப்பு விளக்கு

சின்ன வேலை என்று இதில் தொடங்கினேன். 5 வாட் பழைய பல்புக்கு 50 ஓம் ரியோஸ்டாட் பிரமாதமாக வேலை செய்தது. 1.5 வாட் எல்.இ.டி. போட்டதும், குமிழை மூன்றில் ஒரு பங்கு திருகும்வரை வெளிச்சத்தில் இம்மியளவும் மாற்றம் இல்லை. அதற்கு மேல் திருகினால் திடீரென்று மினுக்கி அணைந்துவிடும்.

பல்பின் மேல் 10–30 வோல்ட் என்று அச்சிட்டிருந்தது. இந்த ஒரு வரியே போதும், உள்ளே ஒரு டிரைவர் சர்க்யூட் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள. 10 வோல்ட் வந்தாலும் 30 வோல்ட் வந்தாலும் எல்.இ.டி.க்கு ஒரே கரண்ட் கொடுப்பதுதான் அதன் வேலை. நாம் ரியோஸ்டாட்டில் வோல்டேஜைக் குறைக்கக் குறைக்க, அது இன்னும் கொஞ்சம் கரண்டை இழுத்துச் சமாளிக்கிறது. கணக்கும் ஒத்துவந்தது. பேட்டரி 12.6 வோல்ட், பல்பு தாங்கும் கடைசி எல்லை 10 வோல்ட், அந்த இடத்தில் அது இழுப்பது 0.15 ஆம்பியர். நடுவில் விழ வேண்டிய 2.6 வோல்ட்டை 0.15-ஆல் வகுத்தால் சுமார் 17 ஓம். 50 ஓம் குமிழில் மூன்றில் ஒரு பங்கு. அது தாண்டியதும் டிரைவர் விழுகிறது, சுமை போனதால் வோல்டேஜ் மறுபடி ஏறுகிறது, டிரைவர் எழுகிறது, மறுபடி விழுகிறது. மினுக்கல்.

டிரைவர் இல்லாத, வெறும் ரெசிஸ்டர் வைத்த சாதாரண 12 வோல்ட் பல்பைப் போட்டுப் பார்த்தேன். குமிழோடு ஒட்டி அழகாக மங்கியது. ஆனால் கடைசிவரை திருகினாலும் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் மிச்சமிருந்தது. இரவில் வரைபடம் பார்க்க அது அதிகம். 250 ஓம் ரியோஸ்டாட்டுக்கு மாற்றினேன். இப்போது பத்தில் ஒரு பங்குக்கு இறங்குகிறது. ரியோஸ்டாட்டில் வீணாகும் சக்தி 0.1 வாட்டைத் தாண்டாது. ஆனாலும் வாங்கும்போது 5 வாட் ரகமாகப் பார்த்து வாங்க வேண்டும். குமிழ் தொடக்கத்தில் இருக்கும்போது பல்பின் முழு 0.12 ஆம்பியரும் கம்பிச் சுற்றின் சிறு ஓரம் ஒன்றின் வழியாக மட்டும் போகிறது. ரியோஸ்டாட்டில் எழுதியிருக்கும் வாட் முழுச் சுற்றுக்கும் சேர்த்துச் சொல்வது, எனவே 250 ஓமுக்கும் அதே கரண்டைக் கணக்கிட வேண்டும், 3.6 வாட் வருகிறது.

பழைய காலத்துச் சாமான் என்று ரியோஸ்டாட்டை ஒதுக்கத் தேவையில்லை. ஒற்றை விளக்குக்கு இதுதான் படகிலேயே நல்ல டிம்மர் என்பது என் கட்சி. மினுக்காது, முனகாது, ரேடியோவைக் கெடுக்காது.

கூரை விளக்குகள்: எந்த ஒயர் வெட்டப்படுகிறது

இங்கேதான் நேரம் போனது. ஆறில் இரண்டு பல்பு ஒழுங்காக மங்கின, நான்கு மினுக்கின. சந்தேகம் டிம்மர் மேல் விழுந்தது. ஹாலோஜன் காலத்து டிம்மர்தானே, எல்.இ.டி.க்கு ஒத்துவராது என்று, எல்.இ.டி.க்கென்றே எழுதியிருந்த 8 ஆம்பியர் டிம்மர் ஒன்றை வாங்கி அதே இடத்தில் மாட்டினேன். முன்பு இரண்டு பல்பாவது மங்கின. இப்போது ஒன்றுகூட மங்கவில்லை. குமிழை அணைக்கும் நிலைக்குக் கொண்டுபோனாலும் ஆறும் முழு வெளிச்சத்தில் எரிந்தன.

டிம்மர் கெட்டுவிட்டதா என்று கழற்றி மேசையில் வைத்துச் சிறு பேட்டரியில் மாட்டினால் அருமையாக வேலை செய்கிறது. படகில் மாட்டினால் மறுபடி அதே கதை.

விடை டிம்மரின் நான்கு திருகுகளுக்குள் இருந்தது. ஒயர் எதுவும் இல்லாமல், மீட்டரை கன்டினியூட்டியில் (இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் நிலை) வைத்து, உள்ளே வரும் பிளஸ்ஸுக்கும் வெளியே போகும் பிளஸ்ஸுக்கும் நடுவில் தொட்டேன். பீப் அடித்தது. அதாவது இந்த டிம்மர் பிளஸ்ஸைத் தொடுவதே இல்லை, போர்டில் இரண்டும் ஒரே செம்புப் பட்டை. வெட்டி வெட்டி விடுவது மைனஸ் பக்கத்தை. சாதாரண டிம்மர்களில் நிறைய இப்படித்தான். மைனஸ் பக்கம் வைக்கும் மின்னணு ஸ்விட்சான என்-சேனல் மாஸ்ஃபெட் மலிவு, அதை ஓட்டும் சர்க்யூட்டும் சுலபம்.

படகிலோ, விளக்குகளுக்கு பிளஸ் மட்டும்தான் ஸ்விட்ச் பக்கம் வந்து போகிறது. மைனஸ் எல்லாம் அங்கங்கே பக்கத்திலிருக்கும் லைனில் சேர்ந்து பேட்டரியோடு சேரும் பொது உலோகப் பட்டையான மைனஸ் பஸ் பாருக்குப் போய்விடும். டிம்மர் தன் மைனஸ் வாசலை எவ்வளவு நேரம் மூடி வைத்தாலும் விளக்கின் கரண்ட் பின்வாசல் வழியாக நேரே பேட்டரிக்குப் போய்க்கொண்டிருந்தது.

விளக்குகளின் மைனஸை மட்டும் தனியாகப் பிரித்து டிம்மருக்குக் கொண்டுவந்து பார்த்தேன். கூரைப் பலகையைக் கழற்றிய பிறகுதான் தெரிந்தது, கேபின் மின்விசிறியும் அதே மைனஸில் தொங்குகிறது. விளக்கை மங்க வைத்தால் விசிறி முனகிக்கொண்டே வேகம் குறைந்தது. அதைப் பிரித்தால் இன்னொரு சாக்கெட் வந்து நின்றது. அந்த வழியை அங்கேயே கைவிட்டேன். பிளஸ் பக்கம் வெட்டும் டிம்மரே இந்தப் படகுக்குப் பொருந்தும். கழற்றிப் போட்ட பழைய டிம்மர் அந்த ரகம்தான் என்பது அதற்கப்புறம் மீட்டர் சொல்லித் தெரிந்தது.

இடையில் ஒரு யோசனை வந்தது. வீட்டில் மின்விசிறிக்கும் விளக்குக்கும் போடும் 230 வோல்ட் டிம்மர் ஒன்று சும்மா கிடக்கிறதே, அதைப் போட்டால் என்ன? அதற்குள் இருக்கும் டிரையாக் என்ற மின்னணு ஸ்விட்ச், மாறுமின்சாரம் ஒவ்வொரு அரைச் சுற்றிலும் சைபரைத் தொடும்போதுதான் அணையும். பேட்டரியின் நேர்மின்சாரத்தில் சைபர் வருவதே இல்லை, ஒருமுறை திறந்தால் திறந்தபடியே கிடக்கும். அதைப் பெட்டியிலேயே விட்டுவிட்டேன்.

மேசையில் ஒரு சோதனை

இனி படகில் முட்டி மோத வேண்டாம் என்று எல்லாவற்றையும் மேசைக்குக் கொண்டுவந்தேன். சிறு பேட்டரி, 1 ஆம்பியர் ஃபியூஸ், பழைய டிம்மர், ஒரு நேரத்தில் ஒரே ஒரு பல்பு.

முதலில் ஹாலோஜன். ஒழுங்காக மங்கியது, ஆக டிம்மர் நல்லது. குமிழைப் பாதியில் வைத்தால் மீட்டர் 6.3 வோல்ட் காட்டியது. பல்புக்கு 6.3 வோல்ட் போவதாக இதைப் படிக்கக் கூடாது. போவது 12.6 வோல்ட்தான், பாதி நேரம். மீதிப் பாதி நேரம் சைபர். மீட்டர் சராசரியைக் காட்டுகிறது. அதே முனைகளில் ஹெர்ட்ஸில் வைத்தால் 120 வந்தது. நொடிக்கு 120 முறை அணைத்து எரிக்கிறது. பி.டபிள்யூ.எம். என்பது இதுதான். ஹாலோஜன் இழை அவ்வளவு சீக்கிரம் ஆறாது, அதனால் கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது.

அடுத்து, ஒழுங்காக மங்கிய இரண்டு பல்பில் ஒன்று. மேலே வெறும் 12 வோல்ட் என்று போட்டிருக்கும். உள்ளே சிறு எல்.இ.டி.களும் ரெசிஸ்டர்களும் மட்டும். மங்கியது. செல்போன் கேமராவில் பார்த்தால் திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடின. அப்படி ஓடினால் டிம்மர் வெட்டுவது அப்படியே எல்.இ.டி. வரை போய்ச் சேருகிறது என்று அர்த்தம்.

மூன்றாவது, மினுக்கிய நான்கில் ஒன்று. 10–30 வோல்ட். பாதிக் குமிழிலும் வெளிச்சம் குறையவில்லை, கேமராவில் பட்டையும் இல்லை. கால் பங்குக்குக் கீழே போனதும் மினுக்கல். இந்த ரகத்தில் ஒன்று முன்பே செத்துக் கிடந்தது. அதை அறுத்துப் பார்த்தேன். முனைகளை எப்படிச் செருகினாலும் எரிவதற்காக ஒரு பிரிட்ஜ் ரெக்டிஃபையர், ஒரு கப்பாசிட்டர், மிளகு அளவில் ஒரு காயில், டிரைவர் ஐ.சி. கப்பாசிட்டர்தான் குற்றவாளி. மோட்டாரை விட்டு விட்டுப் போட்டாலும் மாடித் தொட்டியில் தண்ணீர் இருக்கும்வரை குழாயில் ஒரே வேகத்தில்தான் வரும், அதைப் போல. டிம்மர் அணைத்திருக்கும் நேரத்தில் கப்பாசிட்டரில் இருப்பதை வைத்து டிரைவர் ஓட்டிக்கொள்கிறது. இடைவெளி நீண்டு கப்பாசிட்டர் காலியானால் டிரைவர் நின்று, மறுபடி முதலிலிருந்து கிளம்புகிறது. ஒவ்வொரு பல்பும் தன் இஷ்டத்துக்குக் கிளம்புவதால் நான்கும் நான்கு தாளத்தில் மினுக்கின.

இதில் இன்னொரு தொல்லை. காலியான கப்பாசிட்டர் ஒவ்வொரு முறையும் நிரம்பும்போது ஒரு கணம் பெரிய கரண்டை உறிஞ்சும். சராசரி சுமை சில வாட்தான் என்றாலும் டிம்மரின் அலுமினியத் தகடு கை வைத்தால் சுடுகிற அளவுக்குப் போனது அதனால்தான். 8 ஆம்பியர் என்று எழுதியிருக்கிறதே என்று இத்தகைய பல்புகளை வரிசையாகத் தொங்கவிடக் கூடாது.

பி.டபிள்யூ.எம்.முக்கு ஒத்துவரும் டிரைவர் பல்புகளும் கிடைக்கின்றன, பெட்டியில் அப்படியே எழுதியிருக்கும். மங்க வைப்பதற்கென்று தனி முனை உள்ள டிரைவர் ஐ.சி.களும் உண்டு. பி.டி.4115 அப்படி ஒன்று, 6 முதல் 30 வோல்ட் வரை தாங்கும், அதன் டிம் முனைக்குப் பி.டபிள்யூ.எம். கொடுத்தால் முறையாக மங்கும். ஆனால் விளக்குக்கு மூன்றாவது ஒயர் இழுக்க வேண்டும். நான் எளிய வழிக்குப் போனேன். டிம்மர் லைனில் எல்லாமே ரெசிஸ்டர் பல்புகள். நான்கு டிரைவர் பல்புகளையும் என்ஜின் அறைக்கும் சாமான் அறைக்கும் மாற்றினேன். அங்கே மங்க வைக்கும் வேலை இல்லை, நேரடி பேட்டரியில் அவை அருமையான பல்புகள்.

என்ஜின் ஓடும்போது ஏறும் வெளிச்சம்

ரெசிஸ்டர் பல்பு மட்டும் என்று முடிவானதும் வேறொரு பிரச்சினை முன்னால் வந்தது. பேட்டரி சும்மா இருக்கும்போது பேனலில் 12.6 வோல்ட். என்ஜின் ஓடி ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றும்போது 14.3. எல்.இ.டி. பட்டையில் மூன்று மூன்று எல்.இ.டி.க்கு ஒரு ரெசிஸ்டர். பூதக்கண்ணாடியில் பார்த்தால் அதன் முதுகில் 151 என்று இருக்கிறது. 15-க்குப் பின்னால் ஒரு சைபர், அதாவது 150 ஓம். மூன்று எல்.இ.டி.யும் சேர்ந்து சுமார் 9.3 வோல்ட்டை எடுத்துக்கொள்கின்றன, மிச்சம் ரெசிஸ்டரின் தலையில். 12 வோல்ட்டில் 18 மில்லி ஆம்பியர், 12.6-ல் 22, 14.3-ல் 33. எல்.இ.டி.யின் வோல்டேஜும் கூடவே சற்று ஏறுவதால் நடைமுறையில் 30-ஐ ஒட்டி நிற்கும். இந்த அளவுச் சின்ன எல்.இ.டி.களுக்கு வழக்கமான கணக்கு 20 மில்லி ஆம்பியர். வோல்டேஜ் ஏறுவது எட்டில் ஒரு பங்குதான், கரண்ட் ஏறுவது ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. என்ஜின் ஓடும் இடத்தில் ஒட்டிய பட்டைகள் சீக்கிரம் பழுத்துப் போவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

எனவே ஒரு ஸ்டெபிலைசர். 9 முதல் 36 வோல்ட் வரை எது வந்தாலும் 12 வோல்ட் தரும், 5 ஆம்பியர். குறைக்க மட்டும் தெரிந்த ரகம் வேண்டாம், ஏற்றவும் தெரிந்தது வேண்டும். பேட்டரி இறங்கி 12-க்குக் கீழே வரும்போது முன்னது கையை விரித்துவிடும். மொத்தச் செலவில் பெரிய பங்கு இதற்குத்தான் போனது, டிம்மர், பல்பு எல்லாம் அதற்கு அப்புறம்தான். வரிசை முக்கியம்: பேட்டரி, ஃபியூஸ், ஸ்விட்ச், ஸ்டெபிலைசர், டிம்மர், விளக்குகள். ஸ்டெபிலைசரை டிம்மருக்குப் பின்னால் வைத்தால், வெட்டி வெட்டி வரும் கரண்டை அது நேர்ப்படுத்தப் பார்க்கும், மறுபடி மாடித் தொட்டிக் கதைதான்.

ஸ்விட்சை ஸ்டெபிலைசருக்கு முன்னால் வைத்ததற்கும் காரணம் உண்டு. விளக்கு எதுவும் எரியாதபோதும் அது 20 மில்லி ஆம்பியர் குடிக்கிறது. ஒரு நாளைக்கு அரை ஆம்பியர்-மணி. ஆளில்லாமல் படகைக் கட்டிப் போடும் காலத்தில் அது சும்மா போகும் பேட்டரி.

மாட்டியதும் ஸ்டெபிலைசரிலிருந்து மெல்லிய 'கீ' சத்தம் வந்தது. டிம்மர் வெட்டுவதற்கேற்ப சுமை ஏறி இறங்குவதால் காயில் பாடுகிறது. அதன் அவுட்புட்டில் 1000 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் கப்பாசிட்டர் ஒன்றைப் பிளஸ் மைனஸ் பார்த்து வைத்தேன், அடங்கிவிட்டது. பழைய டிம்மரின் 120 ஹெர்ட்ஸும் கண்ணை உறுத்தியது. நேரே பார்த்தால் தெரியாது, பார்வையைத் திருப்பும்போது வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெறிக்கும். பிளஸ் பக்கம் வெட்டுகிற, 1,500 ஹெர்ட்ஸ் ஓடுகிற வேறு டிம்மர் போட்டேன். மின்பொறியாளர் அமைப்பான ஐ.இ.இ.இ. 2015-ல் வெளியிட்ட 1789 பரிந்துரை, முழுக்க அணைத்து எரிக்கும் விளக்குக்கு 1,250 ஹெர்ட்ஸுக்கு மேல் இருந்தால் தொந்தரவு குறைவு என்கிறது. என் கண்ணும் அதை ஒப்புக்கொண்டது.

அலையில் ஆடினால் மட்டும் மினுக்கியது

ஐந்தாவது கூரை விளக்கு மட்டும், படகு ஆடும்போது கண் சிமிட்டியது. மின்னணு விவகாரமெல்லாம் ஒன்றுமில்லை, லூஸ் காண்டாக்ட். ஆனால் அது எங்கே என்று காட்டியது பழைய ஹாலோஜன்தான். எல்.இ.டி. இருந்தபோது பேனலில் 12.6, அந்த ஹோல்டரில் 11.9. இழுக்கும் கரண்ட் வெறும் 0.15 ஆம்பியர். அவ்வளவு சின்னக் கரண்டுக்கு 0.7 வோல்ட் விழுகிறதென்றால் வழியில் நாலரை ஓமுக்கு மேல் எங்கோ ஒளிந்திருக்கிறது. டிரைவர் பல்பாக இருந்தவரை இந்தக் குறையை அது விழுங்கிக்கொண்டு முழு வெளிச்சம் காட்டியது. ஹாலோஜனைச் செருகியதும் அந்த இடத்தில் 9.5 வோல்ட்டுக்கு விழுந்து சோர்ந்து எரிந்தது.

மைனஸ் ஒயரைக் கையால் ஆட்டிக்கொண்டே மீட்டரைப் பார்த்தேன். பலகைக்குப் பின்னால் ஒரு கிரிம்ப் இணைப்பு, பசை இல்லாத சாதாரண உறையோடு. உறையைக் கீறியதும் உள்ளிருந்து பச்சைப் பொடி கொட்டியது. ஒயரை நகத்தால் சுரண்டினால் இன்சுலேஷனுக்குள் இன்னும் இரண்டு அங்குலம் வரை செம்பு கறுத்திருந்தது. பளபளப்பு தெரியும்வரை வெட்டிவிட்டு, ஈயம் பூசிய 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரைச் சேர்த்து, உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் குழாய்) போட்டேன். சூடேற்றும்போது இரு முனையிலும் பசை சொட்டாக வெளியே எட்டிப் பார்க்க வேண்டும், பார்த்தால்தான் தண்ணீர் போகாது.

மற்ற ஹோல்டர்களின் பித்தளைப் பிடிகளையும் சுத்தம் செய்து இறுக்கினேன். ஹாலோஜன் காலத்தில் கிட்டத்தட்ட ஒரு ஆம்பியர் ஓடும்போது மெல்லிய துரு கண்டுகொள்ளாமல் போனது. எல்.இ.டி.யின் சின்னக் கரண்டுக்கு அந்த மெல்லிய படலத்தை உடைக்கத் தெம்பு இல்லை. பழைய ஸ்விட்சுகளிலும் இதே கதைதான்.

அணைத்த பிறகும் ஒட்டிக்கொண்டிருந்த மங்கல் ஒளிக்கு ஒரே ஒரு ரெசிஸ்டர் போதுமாக இருந்தது. டிம்மர் அணைந்த நிலையிலும் சிறிது கரண்ட் கசிகிறது, என் அளவில் 0.3 மில்லி ஆம்பியர். எல்.இ.டி. மங்கலாக ஒளிர அதுவே போதும். விளக்கு லைனில் பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் குறுக்கே 2.2 கிலோ ஓம், அரை வாட் ரெசிஸ்டர். கசிவு அதன் வழியே இறங்கிவிடுகிறது, 0.7 வோல்ட்டுக்கு மேல் எழும்பாது. மூன்று எல்.இ.டி. கொண்ட தொடர் அதில் விழிக்காது. எரியும்போது ரெசிஸ்டர் தின்பது 6 மில்லி ஆம்பியருக்கும் குறைவு.

ரேடியோ

எல்லாம் முடிந்தது என்று நினைத்து, படகுகள் பேசிக்கொள்ளும் வி.எச்.எஃப். ரேடியோவைப் போட்டால் இரைச்சல். வெறும் எரிச்சல் என்று இதை விட்டுவிட முடியாது. எல்.இ.டி. விளக்குகள் வி.எச்.எஃப். ரேடியோவையும் ஏ.ஐ.எஸ்.-ஐயும் (கப்பல்கள் தங்கள் இருப்பிடத்தை ஒன்றுக்கொன்று அறிவிக்கும் அமைப்பு) கெடுக்கின்றன என்று அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2018-ல் எச்சரிக்கையே வெளியிட்டது. அபாய அழைப்புக்கான 16-ஆம் சேனல் 156.8 மெகாஹெர்ட்ஸ், ஏ.ஐ.எஸ். 162-ஐ ஒட்டி. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

அந்த எச்சரிக்கையில் உள்ள சோதனை முறைக்குக் கருவி எதுவும் வேண்டாம். விளக்குகளை அணைத்துவிட்டு, சந்தடி இல்லாத ஒரு சேனலில் பின்னணி இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச் குமிழைத் திறந்து இரைச்சலை வரவழைக்க வேண்டும். பிறகு இரைச்சல் சரியாக அடங்கும் இடத்தில், ஒரு மயிரிழை மட்டும் தாண்டி, நிறுத்த வேண்டும். இப்போது விளக்கைப் போட வேண்டும். இரைச்சல் திரும்பி வந்தால் விளக்குதான் காரணம்.

இதை டிம்மரின் வெவ்வேறு நிலைகளில் செய்தேன். முழு வெளிச்சத்தில் அமைதி, ஏனென்றால் அப்போது டிம்மர் எதையும் வெட்டுவதில்லை. பாதியில் வைத்தால் இரைச்சல். ஆக ஸ்டெபிலைசரும் பல்பும் நிரபராதிகள், டிம்மரும் அதிலிருந்து போகும் ஒயரும்தான் ஆள். டிம்மர் பேனலில், ரேடியோவுக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்தது. அங்கிருந்து கூரை வரை நான்கு மீட்டர், அதில் பாதித் தூரம் ஆன்டெனா கேபிளோடு ஒரே கட்டில். பிளஸ் ஒரு வழியாகப் போய், மைனஸ் எங்கோ சுற்றிப் பொது பஸ் பார் வழியாகத் திரும்புகிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள அந்தப் பெரிய வளையமே நல்ல ஆன்டெனா.

மைனஸைப் பிரிக்கும் வேலையைத் தவிர்த்துத்தானே பிளஸ் வெட்டும் டிம்மர் போட்டேன். கடைசியில் அதையே செய்ய வேண்டிவந்தது. விளக்குகளுக்கு மட்டும் புதிதாக இரட்டை ஒயர் இழுத்தேன், பிளஸ்ஸையும் மைனஸையும் ஒன்றோடொன்று முறுக்கி. ஒரு முனையைப் பிடியில் கட்டி மறுமுனையை டிரில்லில் மாட்டிச் சுற்றினால் நொடியில் முறுகிவிடும். விசிறியும் சாக்கெட்டும் பழைய மைனஸிலேயே இருக்கட்டும் என்று விட்டேன். டிம்மரைக் கூரை விளக்குகளின் பக்கத்துக்கு மாற்றினேன், ஆன்டெனா கேபிளிலிருந்து விலக்கினேன். டிம்மரிலிருந்து கிளம்பும் இடத்தில் 43-ஆம் எண் ஃபெரைட் கிளிப் (இரைச்சலை உறிஞ்சும் காந்தப் பொருள் வளையம்) ஒன்று, ஒயரை அதற்குள் சில சுற்று விட்டு. ஒவ்வொன்றாகச் செய்து நடுநடுவே சோதித்ததில், பெரிய வித்தியாசம் முறுக்கிய ஒயரில்தான் வந்தது. ஃபெரைட் மிச்சத்தைத் துடைத்தது. இப்போது எந்த நிலையிலும் ஸ்குவெல்ச் திறப்பதில்லை.

பேனலில் இந்த லைனுக்கு இருந்த 10 ஆம்பியர் ஃபியூஸையும் 3-க்கு இறக்கிவிட்டேன். 1.4 ஆம்பியர் லைனுக்கு 10 ஆம்பியர் ஃபியூஸ் இருந்தால், டிம்மர் எரிந்து கரியாகும்வரை அது வேடிக்கை பார்க்கும். ஒயரில் விழும் வோல்டேஜ், போய்வரும் எட்டு மீட்டருக்கு 0.13 வோல்ட். ஒரு சதவீதத்தை ஒட்டியே, கவலை இல்லை.

வழிகாட்டி விளக்குகள் (இரவில் படகை மற்றவர்களுக்குக் காட்டும் வெளி விளக்குகள்) பக்கம் இந்த எதையும் கொண்டுபோகவில்லை. அவற்றின் ஒளிச்செறிவையும் தெரிய வேண்டிய தூரத்தையும் 1972 கடல் மோதல் தடுப்பு விதிகள் வகுத்திருக்கின்றன. அங்கே டிம்மருக்கு இடமே கிடையாது. பல்பை மட்டும் எல்.இ.டி.யாக மாற்றுவதும்கூட, அந்த உறை எந்தப் பல்போடு சான்று பெற்றதோ அதைக் கெடுத்துவிடும். மாற்றுவதானால் முழு விளக்கையும் மாற்ற வேண்டும்.

அடுத்த முறை முறுக்கிய இரட்டை ஒயரை முதல் வேலையாக இழுப்பேன். கூரைப் பலகையை ஒரே தடவை கழற்றினால் போதும். ஆறு பல்பையும் ஒரே பேட்சில் வாங்கி, உதிரியாக இரண்டு எடுத்து வைப்பேன். வேறு பேட்சில் வாங்கியதை நடுவில் செருகினால் நிறமும் மங்கும் அளவும் துருத்திக்கொண்டு நிற்கின்றன. மைனஸ் வெட்டும் அந்த 8 ஆம்பியர் டிம்மர் சும்மா கிடக்கிறது, எங்காவது தனி இரட்டை ஒயரில் ஓடும் விளக்குக்கு ஆகும். ஹாலோஜன்களைத் தூக்கிப் போட்டுவிட்டேன், ஒன்றைத் தவிர. அதற்கு ஹோல்டரும் இரண்டு கிளிப்பும் சால்டர் செய்து கருவிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். 0.8 ஆம்பியர் இழுக்கும், எந்த டிம்மரோடும் சண்டை போடாது, நோஞ்சான் இணைப்பு எங்கே இருந்தாலும் உடனே மங்கிக் காட்டிக்கொடுத்துவிடும்.